சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வாசகர்கள் கேள்விகளும் நம் பதில்களும்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் என் மகன் சனிக்கிழமையானால் போனே எடுப்பதில்லை. கேட்டால் ‘மேட்ச்’ என்கிறான். கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? (வாசகி, கோவை)

ஆமாம்மா. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கோடிகளில் புரளும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் எந்த அணியின் மைதானத்திலும் இத்தனை இருக்கை கிடையாது. பையன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள்.

அது ஏன் சனிக்கிழமை? (வாசகர், திருச்சி)

வெள்ளி இரவு பள்ளிக்கூடங்களுக்கு, சனி கல்லூரிகளுக்கு, ஞாயிறு என்.எஃப்.எல்.லுக்கு. காலங்காலமாக இருந்த இந்தப் பாகப்பிரிவினைக்கு 1961-இல் சட்டமே துணை வந்தது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் என்.எஃப்.எல். ஒளிபரப்பு போட்டிக்கு வராதபடி அது வேலி போட்டது. வேதனை என்னவென்றால், இன்று அந்த வேலியைத் தாண்டுவது கல்லூரிகளே. தொலைக்காட்சி கேட்டது என்பதற்காக வெள்ளி இரவில் ஆடி, பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்தைப் பறிக்கிறார்கள். சின்னக் கல்லூரிகள் நவம்பர் குளிரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன.

யார் யாரோடு மோதுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? (வாசகர், மதுரை)

பருவத்துக்கு 12 ஆட்டம். எட்டோ ஒன்பதோ ‘கான்ஃபரன்ஸ்’ எனும் கூட்டமைப்பு போட்டுத் தரும். மிச்சத்தைப் பல்கலைக்கழகமே பேசி முடித்துக்கொள்ளும். பத்து வருடம் முன்னாலேயே ஒப்பந்தம் போடுவதும் உண்டு. இன்று பள்ளியில் இருக்கும் பையன் என்றைக்கோ மோதப்போகும் எதிரி யார் என்பது அவனுக்கு முன்பே நிச்சயமாகிவிடுகிறது.

பெரிய அணிகள் பணம் கொடுத்துச் சின்ன அணிகளைக் கூப்பிட்டு அடிக்கிறார்களாமே? கோழைத்தனம் இல்லையா? (வாசகர், சேலம்)

கோழைத்தனம்தான். ஆனால் அந்தப் பணத்தில்தான் பல சின்னக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறையே ஓடுகிறது என்பதால் அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர, கூப்பிட்டவர்கள் மண்ணைக் கவ்விய கதைகளும் உண்டு. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து, ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்தது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்து, 34–32 என்று ஜெயித்துவிட்டு ஊர் போனார்கள். 2022-இல் அதே அணிக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் கொடுத்தது 15 லட்சம் டாலர். முடிவு 17–14, மறுபடியும் விருந்தாளிக்கே வெற்றி.

பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளின் பழம்பகை ஆட்டங்கள்கூட நின்றுபோகின்றனவாமே? (வாசகர், தஞ்சாவூர்)

எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் முதலில் மோதியது 1894-இல். இரண்டு ஊருக்கும் காரில் இரண்டு மணி நேரம். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே. 2011 நன்றி நவிலல் நாள் இரவில் கடைசி உதையில் டெக்சாஸ் 27–25 என ஜெயித்தது. ஏ அண்ட் எம் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனது. பங்காளிச் சண்டை மாதிரி, நீ முதலில் கூப்பிடு, நான் வருகிறேன் என்று இரண்டு நிர்வாகங்களும் முறுக்கிக்கொண்டன. 13 வருடம் ஆட்டமே இல்லை. 2012-இல் சேர்ந்த மாணவன் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணியிருப்பான், அந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்காமலே.

ஆனால் ரசிகர்கள் விடவில்லை. ஏ அண்ட் எம்மின் போர்ப்பாட்டில் டெக்சாஸின் சின்னமான மாட்டுக்கொம்பை அறுக்கும் கட்டம் ஒன்று வரும். பக்கத்திலிருப்பவர் தோளில் கைபோட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு வரிசை வலப்பக்கம் சாய அடுத்த வரிசை இடப்பக்கம் சாயும். மொத்த மைதானமும் ரம்பம்போல் அசையும். எதிரில் நிற்பது யாராக இருந்தாலும், வராத டெக்சாஸின் கொம்பை அந்த 13 வருடமும் அறுத்துக்கொண்டே இருந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று டெக்சாஸ் உண்மையிலேயே வந்தது. 17–7 என்று ஜெயித்தும் போனது. தோற்ற வருத்தம் இருக்கட்டும், ஆட்டம் திரும்பி வந்ததே.

ஓக்லஹோமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் இல்லை. 1910 முதல் வருடம் தவறாமல் நடந்த ஓக்லஹோமா – ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் 2023-இல் 27–24 என்று ஸ்டேட் பக்கம் முடிந்தது. அதோடு சரி.

பணம் வருகிறதே, கல்லூரிக்கு நல்லதுதானே? (வாசகர், சென்னை)

1984-இல் உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பு உரிமையைக் கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பின் பிடியிலிருந்து விடுவித்தது. அது நியாயமான தீர்ப்பு. அதன்பின் கான்ஃபரன்ஸ்கள் தொலைக்காட்சியின் அளவுக்கு வீங்கத் தொடங்கின. 2022-இல் ‘பிக் டென்’ போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல். பெயரில் பத்து, உள்ளே 18 அணிகள். லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே குடும்பமாம். நடுவே சுமார் 4,000 கி.மீ. 1915-இல் வேர்விட்ட மேற்குக் கரைக் கூட்டமைப்பில் 12 அணிகளில் 10 அணிகள் 2024-இல் கிளம்பிவிட்டன.

ஃபுட்பால் அணி வருடத்துக்கு ஐந்தாறு முறை பறந்தால் போதும். அதே கான்ஃபரன்ஸில் வாலிபாலும் சாஃப்ட்பாலும் ஆடும் பெண்கள் வாரநடுவில் கண்டத்தைக் கடந்து ஆடி, விடிந்தால் வகுப்பில் உட்கார வேண்டும். வந்த பணத்தின் விலையை அவர்கள் தூக்கத்தில் கட்டுகிறார்கள்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கும் ரசிகர்கள் இருப்பார்களா? (வாசகி, நாகர்கோவில்)

நெப்ராஸ்காவைப் பாருங்கள். 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்களிலும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆனாலும் 1962 நவம்பரிலிருந்து சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது அந்தக் கணக்கு. மிஞ்சும்போல் இருந்தபோது கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எப்படியும் வருவார்கள் என்று தெரிந்ததால்தானே நிர்வாகங்கள் ரசிகரைக் கேட்காமல் அட்டவணை போடுகின்றன? எனக்குக் கோபமே அங்கேதான்.

இந்த விசுவாசம் வெறியாகிவிடாதா? (வாசகர், ஈரோடு)

ஆகும். 2010-இல் ஆபர்னிடம் அலபாமா தோற்றதும் ஓர் அலபாமா ரசிகர், ஆபர்ன் மக்கள் வெற்றியைக் கொண்டாடக் கூடும் ஓக் மரங்களுக்குக் களைக்கொல்லி ஊற்றினார். மரங்கள் பிழைக்கவில்லை. அவர் சிறைக்குப் போனார். எந்த விளக்கமும் அதை மன்னிக்காது.

அயோவாவில் வேறு மாதிரி. அங்கே மைதானத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை. முதல் கால் பகுதி முடிந்ததும் மைதானமே எழுந்து, மேல்மாடி ஜன்னல்களில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கையசைக்கிறது. எதிரணி ரசிகர்களும்தான். 2017 முதல் நடக்கிறது.

அட்டவணையை உங்கள் கையில் கொடுத்தால்? (வாசகர், திருநெல்வேலி)

ஒவ்வொரு அணிக்கும் அதன் ஜென்ம எதிரியை முதலில் எழுதி மை காய விடுவேன். மிச்சத்துக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வரட்டும்.

நவம்பரில் மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். ஓர் ஆட்டம் பார்க்க என்ன செய்யலாம்? (தம்பதி, புதுச்சேரி)

டிக்கெட்டை இப்போதே மகளை வாங்கச் சொல்லுங்கள். ஆனால் ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா, இரவு ஏழரைக்கா என்பது பல சமயம் 12 நாள் முன்புதான் தெரியும், சிலவற்றுக்கு ஆறே நாள். தொலைக்காட்சி சொன்னால்தான் உண்டு. ஊர் திரும்பும் விமானத்தைச் சனி இரவுக்குப் போடாமல் திங்களுக்குப் போடுங்கள். குளிருக்குக் கம்பளித் தொப்பி, கையுறை. மகள் படிக்கும் கல்லூரியின் நிறத்திலேயே வாங்குங்கள்.