பத்து வருஷம் சும்மா இரு

மருமகனே, அம்பிட்டிய வீட்டை யாருக்காவது தானமா குடுத்துடணும்னு உனக்கு ஆசை இருந்தா நொத்தாரிசைத் தேடி அலையாதே. உறுதி எழுத வேணாம், முத்திரை வரி வேணாம், பிளேன் ஏறி வந்து கையெழுத்து வைக்கவும் வேணாம். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான்: சும்மா இரு. பத்து வருஷம் சும்மா இரு. மிச்சத்தை 1871ஆம் வருஷத்து 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பார்த்துக்கும்.

வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் எழுதின சட்டம் போகல. அதோட மூணாம் பிரிவு சொல்றது இதுதான்: உனக்கு வாடகை தராம, உன்னை உடையவன்னு ஒத்துக்காம, யாரும் தட்டிக் கேக்காம பத்து வருஷம் ஒருத்தன் ஆட்சி பண்ணினா காணி அவனோடது. வெறுமனே படுத்துக் கிடந்தா ஆட்சி ஆகாது. கோட்டுல ஒவ்வொண்ணா கேப்பாங்க. வேலி அடைச்சது யாரு? பலாக்காய் வெட்டினது யாரு? மிளகு காய்ச்சப்ப பறிச்சுக் காய வெச்சுக் கண்டிக் கடையில போட்டது யாரு? நீ அந்நேரம் டொரண்டோவுல வாசல் பனியை அள்ளிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு. கவனமா எழுதிக்குவாங்க, அவன் கட்சிக்கு.

சரி, தானம் பண்ற முறையைச் சொல்றேன், கேளு. முதல்ல, நம்பிக்கையான ஒருத்தனைப் பிடி. சொந்தக்காரனா இருந்தா இன்னும் நல்லது. சாவியைக் குடுத்து, "நம்மாளு தானே, சும்மா இருந்துட்டுப் போங்க"ன்னு சொல்லு. காகிதம் எதுவும் எழுதிடாதே, எழுதினா மனசு நோகும். ஆதனவரியை அவனே கட்டட்டும், சிட்டையும் அவன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு வருஷத்துல ஒரு அறை ஏத்திக் கட்டுவான். போட்டோ அனுப்பினா நல்லாயிருக்குன்னு பதில் போடு. இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பான்னு பெரியவங்க சொன்னாங்க. அவங்க காலத்துல கரண்ட் மீட்டர் இல்ல. இப்போ யாரும் பாய் கேக்கிறதில்ல, மீட்டரைத் தன் பேருக்கு மாத்திக் கேக்கிறான். அதையும் குடுத்துடு.

ஆனா சட்டம் ஒரேயடியா அவன் பக்கம் சாயல. உன் ஆளா உள்ள வந்தவன் உன் ஆளாத்தான் இருப்பான். எனக்கே சொந்தம்னு ஊரறிய ஏதாவது செஞ்சு முறிச்சுக்கிட்ட நாள்லருந்துதான் அவன் கணக்கு ஓடும். 1903லயே நாகூடா மரிக்கார் வழக்குல லண்டன் பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிடுச்சு. கூடப் பொறந்தவங்க சமாசாரமும் அப்பிடித்தான். 1911ல கொரியா எதிர் அப்புஹாமின்னு ஒரு வழக்கு. பங்காளியில ஒருத்தன் மட்டும் இருந்து அனுபவிச்சதால மத்தவன் பங்கு போயிடாதுன்னு தீர்ப்பு. அப்போ நீ தப்பிச்சியா? எங்க தப்பிச்ச? அவன் உன் ஆளாத்தான் வந்தான்னு காட்ட உன்கிட்ட என்ன இருக்கு? நீ சாவி குடுத்தப்ப பக்கத்துல நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துட்டாரு, இன்னொருத்தருக்குக் காது கேக்காது. மாசம் நூறு ரூபா வாடகைன்னு ஒரு துண்டு இருந்திருந்தா அது ஒண்ணே போதும்.

"நான் வெளிநாட்டுல இருக்கேன் மாமா, எனக்கு விலக்கு இருக்கு"ன்னு போன்ல சொன்னியே, உண்மைதான். அதே சட்டத்தோட 13ஆம் பிரிவு. ஆனா உன்னை யார் பக்கத்துல உக்கார வெச்சிருக்குன்னு படிச்சியா? தன் காணியைத் தானே பார்த்துக்க ஏலாதவங்கன்னு அங்க ஒரு வரிசை இருக்கு: சின்னப் பிள்ளை, புத்தி வளராதவன், சித்தம் சரியில்லாதவன், பைத்தியம், அப்புறம் கடல் கடந்து போனவன். பந்தியில கடைசி இலை உனக்குத்தான். அதுலயும் ஒரு முள்ளு இருக்கு. அவன் உனக்கு எதிரா நிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கணும். நீ இங்க இருக்கையிலயே அவன் வேலியைத் தள்ளிப் போட்டு, நீ அப்புறம் பிளேன் ஏறியிருந்தா விலக்கு கிடையாது. எல்லாத்துக்கும் மேல, முப்பது வருஷம் ஆயிட்டா பைத்தியத்துக்கும் வழியில்ல, கனடாவுக்கும் வழியில்ல. யுத்தத்துல ஓடினவங்களுக்கு மட்டும் 2016ல 5ஆம் இலக்கச் சட்டம் போட்டு, 1983 மே 1ல இருந்து 2009 மே 18 வரைக்கும் உள்ள காலத்தைக் கணக்குல சேக்காம விட்டாங்க. நீ யுத்தத்துல ஓடல, விசா கிடைச்சு ஓடினவன்.

இன்னொண்ணு. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து கூரைத் தகடைக் கழட்டி எறிஞ்சா தானா ஓடிடுவான்னு உன் மச்சான் சொல்றானாம். பேஷ். உள்ள இருக்கிறவனுக்கும் 1979ஆம் வருஷத்து 44ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. சண்டை வரும்போல இருந்தா பொலிஸே 66ஆம் பிரிவுல வழக்கு வெக்கும். அங்க உறுதி யார்கிட்ட இருக்குன்னு பாக்க மாட்டாங்க, ஆட்சியில யார் இருந்தான்னுதான் பாப்பாங்க. வழக்கு வெக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்குள்ள பலவந்தமா வெளிய தள்ளப்பட்டவனைத் திரும்ப உள்ள விடச் சொல்லிக் கட்டளை வரும். தகடைக் கழட்டினவன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்க, அவன் பானை சட்டியோட திரும்ப உள்ள போவான். அதே ரெண்டு மாசம் உனக்கும் உண்டு. ஒருத்தன் பூட்டை உடைச்சு உள்ள பூந்தா, சேதி கேட்ட அன்னிக்கே பொலிஸுக்கு ஆளனுப்பு. ரெண்டு மாசம் தாண்டினா மாவட்ட நீதிமன்றம்தான். அங்க உறுதி, நில அளவைப் படம், எல்லை எல்லாம் நீதான் நிரூபிக்கணும். அதுக்குள்ள உன் மகனுக்குக் கல்யாணம் ஆயிடும். வாடகைக்கு விடறதா இருந்தா நொத்தாரிசு முன்னாடி குத்தகை எழுது. தவணை முடிஞ்சும் கிளம்பாதவனை வெளியேத்த 2023ல 1ஆம் இலக்கச் சட்டம்னு சுருக்கு வழி ஒண்ணு வந்திருக்கு.

வெளியேத்துறதுன்னா எப்பிடின்னு அரசாங்கத்தைப் பாத்துப் படி. 1979லயே தனக்குன்னு 7ஆம் இலக்கச் சட்டம் எழுதி வெச்சுக்கிச்சு. ஒரு அறிவித்தல், முப்பது நாள் அவகாசம், அப்புறம் நீதவான் நீதிமன்றம். செல்லுபடியாகிற அனுமதிப் பத்திரம் இருக்கான்னு மட்டும் கேப்பாங்க. வேற பேச்சுக்கு இடமில்ல. அந்தப் பத்து வருஷக் கணக்கு முடிக்குரிய காணியில ஓடாதுன்னு 1871லயே எழுதிட்டாங்க. பத்து வருஷம்கிறது உனக்கும் எனக்கும்தான்.

இதுல எனக்குச் சிரிப்பு வர்ற இடம் ஒண்ணு இருக்கு. இந்தக் கண்டிச் சீமையில யாரு பெரிய அத்துமீறல்காரன்? 1840ல 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பேரே முடிக்குரிய காணியில அத்துமீறலைத் தடுக்கிற சட்டம். காடு, தரிசு, ஆள் குடியில்லாத நிலம் எல்லாம் ராணியோடதுன்னு வெச்சுக்கணும்னு அதுல இருக்கு. சேனை வெட்டிப் பயிர் செஞ்ச கிராமத்துக்காரன் அரசன் குடுத்த சன்னஸ் காட்டணும். அவன் எங்க போவான் காகிதத்துக்கு? ஏக்கர் அஞ்சு ஷில்லிங்குக்கு வித்தாங்க. வாங்கினவங்கள்ல கவர்னர் உத்தியோகத்தர்களும் இருந்தாங்க. அப்பிடிக் கிடைச்ச மலையில கோப்பி போட்டு, கோப்பி செத்ததும் தேயிலை போட்டு, அதுக்கு நம்ம ஆளுகளைக் கொண்டு வந்தாங்க. என் தாத்தா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு லயக் காம்பராவுல பொறந்தவரு. நானும் அங்கதான். வாசல் படிக்கல்லு குழி விழுந்து தண்ணி தேங்கும், அவ்வளவு காலம் மிதிச்சது. 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தத்துல தோட்டம் அரசாங்கத்துக்குப் போச்சு. அப்போ காம்பராவும் அரசாங்கக் காணி. நாலு தலைமுறை இருந்தவன் பத்து வருஷக் கணக்கைக் கேட்டா, ஐயா இது அரசாங்கம்கிறான்.

ஹல்கரனோயாவுல ஸ்டாஃபர்ட் தோட்டம். அங்க ஒருத்தருக்கு, காணியை விட்டுப் போன்னு தோட்டத்துரை அந்த 7ஆம் இலக்கச் சட்டத்துல அறிவித்தல் அனுப்பினாரு. அவரு நம்ம கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வந்தாரு. விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லன்னாங்க. மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்குன்னுச்சு. உயர் நீதிமன்றம் 2013 செப்டம்பர் 26ல, இல்லைன்னு முடிச்சிடுச்சு; அரச காணி மாகாணத்து அதிகாரத்துல வராதாம். அரசியலமைப்போட பதிமூணாவது திருத்தம், காணி அதிகாரம்னு நாடே வருஷக்கணக்கா அந்தத் தீர்ப்பைப் பேசுச்சு. எல்லாம் ஒரு தோட்டத்து ஆளைக் கிளப்பப் போய் வந்த வினை. தோட்டத்து ஆளுகளுக்குக் காணியோட வீடுன்னு பேச்சு ஒரு பக்கம் நடக்குது. சில பேருக்குக் கிடைச்சிருக்கு. மத்தவங்க இன்னும் காம்பராவுலதான்.

நீ கேக்கலாம், அம்பிட்டியவுல வெளிநாட்டுக்காரங்க வீடெல்லாம் இப்பிடித்தான் பூட்டிக் கிடக்கு, எல்லாமா போயிடுச்சுன்னு. மேல குருமடத்தைப் பாரு. 1893ல இந்தியா முழுக்கவுக்கும் சேத்துப் பாப்பரசர் தொடங்கினது. 1955ல புனேக்குக் கிளம்பிப் போனாங்க. பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டா போனாங்க? இன்னிக்கு அங்க நம்ம நாட்டுத் தேசியக் குருமடம் இருக்கு. சாமியாருங்களுக்கு இருக்கிற விவரம் உனக்கு இல்லையேடா.

அதனால நாளைக்கே ஒரு காகிதம் எழுது. இன்னார் இந்த வீட்டுல என் அனுமதியோட காவலுக்கு இருக்காரு, மாசம் நூறு ரூபா வாடகை தர்றாரு, கேட்டப்ப விட்டுக் குடுப்பாருன்னு ரெண்டு பிரதி. இன்னார்ங்கிற இடத்துல என் பேரைப் போடு. நீ சாவியை என் கையிலதான் குடுத்த, மறந்துட்டியா? வர்ற தைப்பொங்கலோட பத்து வருஷம் ஆகுது. கரண்ட் மீட்டர் என் பேருக்கு மாறி ரொம்ப நாளாச்சு, பின்னால ஏத்திக் கட்டின அறையைப் போட்டோவுல பாத்து நல்லாயிருக்குன்னு நீயே பதில் போட்டிருக்க. உன் அத்தை கையெழுத்து வைக்க வேணாங்கிறா. அவ சொல்றதையும் ஒரேயடியாத் தள்ளிட முடியல. பொங்கலுக்கு முன்னாடி காகிதம் வந்துடுச்சுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வெச்சுடுவேன். அந்த நூறு ரூபாவையும் நீயே மாசாமாசம் அனுப்பிடு, எனக்குப் பென்ஷன் பத்தல.