லார்னகாவுல முங்கப் போறவனுக்கு

ஏலே பேராண்டி, சைப்ரஸுக்குப் போயி கடல்ல முங்கப் போறியாம்லா? நல்லாருக்கு. ஊர்க் குளத்துல முங்குன்னா சளி பிடிக்கும்னு ஓடுன பயதானே நீ! மத்தியதரைக் கடல் தண்ணிக்குச் சளின்னா என்னன்னே தெரியாது போல.

லார்னகாவுல எல்லாரும் பாக்கது ஜெனோபியா கப்பல். சுவீடன்காரன் கப்பல். 1980 ஜூன் மாசம், முதல் பயணத்துலயே ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. வயித்துக்குள்ள நூத்துக்கு மேல லாரி. பாரத் தொட்டிக்குள்ள தண்ணி தன்னால ஏறுது, கம்ப்யூட்டர் கோளாறுன்னாவ. துறைமுகத்துக்குள்ள முங்கித் தொலைச்சா வழி அடைஞ்சிரும்னு வெளிய இழுத்து விட்டாவ. அங்கனயே போயிட்டு. உயிர்ச்சேதம் இல்ல. லாரிக்காரன் தலையில கைவச்சிருப்பான். ஊர்க்காரனுக்கு அன்னைக்குத்தாம்லே விடிஞ்சிருக்கு. 40 வருசத்துக்கு மேல, முங்குன கப்பலைக் காட்டியே பொழைக்கான்.

கப்பல் இடது விலாவை மண்ணுல வச்சு ஒருக்களிச்சுக் கிடக்கு. அடி 42 மீட்டர். மேல் விளிம்பு சுமார் 16 மீட்டர்லயே தட்டுப்படும். நீ முடிச்சது ஓப்பன் வாட்டர் படிப்பு, உனக்கு 18 மீட்டர்தான் எல்லை. ஆக, விலாவைப் பாத்துட்டு வந்துரு. லாரியை எண்ணுதேன்னு உள்ள நுழையாத. அப்படிப் போயித் திரும்பாதவனும் உண்டு. 30 மீட்டர் தாண்டுனா நைட்ரஜன் தலைக்கேறிக் கிறுகிறுங்குமாம். சொட்டுக் கள்ளு இல்லாம மப்புன்னா எனக்கே ஆசைதான், உங்க ஆச்சி விடமாட்டா.

முதுகுச் சிலிண்டரை 'ஆக்சிஜன்'னு போட்டோவுக்கு அடியில எழுதி மானத்தை வாங்காத. நாம சும்மா விடுத காத்தைத்தான் அமுக்கி அடைச்சு, யூரோவுக்கு விக்கான். அந்தக் காத்தை உள்ள அடக்கியும் வைக்காத; மேல வரும்போது விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிரும்.

நீ மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுத ஆளு. அங்க அது செல்லாது. நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறாத. 5 மீட்டர்ல 3 நிமிசம் சும்மா தொங்கு. அவசரப்பட்டா உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழாக் கிளம்பி மூட்டு மூட்டாப் பிடிக்கும். கடைசியா முங்கி எந்திரிச்சப்புறம் 18 மணி நேரம் விமானமும் ஏறாத. கரையில உக்காந்து ஹலூமி தின்னு.

இன்னொண்ணு. பெரிய களவா மீன் எதுக்க வந்தா, 'பிரமாதம்'னு கட்டைவிரலைத் தூக்கிராத. தண்ணிக்குள்ள அதுக்கு 'மேல போவோம்'னு அர்த்தம். கூட வந்தவன் மறுபேச்சில்லாம உன்னைக் கரையேத்திருவான். குடுத்த யூரோவுல சல்லிக்காசு திரும்பாதுலே.