காற்றுக்கு மூத்த கல்: ஆனேக்கல் மாமா பதில்கள்

மாமா, ஆனேக்கல்லில் பார்க்க என்ன இருக்கிறது?
(ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர், ஓசூர்)

முத்யாலமடுவு. மழைக்காலத்தில் போனால் அருவி, மற்ற நாளில் போனால் பாறை. என் ஓட்டு பாறைக்கு. தீபகற்ப நைஸ் என்று பெயர். பெயரில்தான் நைஸ், கடப்பாரை வைத்தால் கடப்பாரை வளையும். வயது 250 கோடி வருடத்துக்குக் குறையாது. இதே குடும்பத்துப் பெரியவர் பெங்களூர் லால்பாக்கில் குன்றாக உட்கார்ந்திருக்கிறார். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள். ஜனங்கள் அவர் தலைமேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "இங்கே பார்க்க என்ன சார் இருக்கு?" என்கிறார்கள்.

பூமிக்குள் என்ன இருக்கிறது? பரீட்சைக்கு வேண்டும். சுருக்கமாகச் சொல்லவும்.
(ஒன்பதாம் வகுப்பு, சந்தாபுரம்)

மேலே மேலோடு. நம் பக்கம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கனம், அதாவது ஆனேக்கல்லிலிருந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. அதன்கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் வரை கவசம். அப்புறம் உருகிய இரும்பும் நிக்கலும். 5,150-க்குக் கீழே மறுபடி கெட்டி. அந்தக் கெட்டிக் கரு இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் இங்கெ லேமான் அம்மையார் சொன்னார். மண்வெட்டியைத் தொடவில்லை, நிலநடுக்க அலைகள் எங்கே வளைகின்றன, எங்கே திரும்புகின்றன என்று பார்த்தே சொன்னார். நீ படத்துக்கு நாலு கலர் அடி. மார்க் அதற்குத்தான்.

இங்கிருந்து நேராகத் தோண்டினால் அமெரிக்கா வருமா?
(சும்மா இருக்கிறவர், சர்ஜாபுரம்)

வராது. பசிபிக் கடல் வரும். உங்கள் ஊர் போரில் கிடைக்காத தண்ணீர் அங்கே ஏராளம், உப்புக் கரிக்கும். தோண்டிப் பார்த்தவர்கள் ரஷ்யர்கள். கோலா தீபகற்பத்தில் 1970-இல் ஆரம்பித்து, 1989-இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். 180 டிகிரிச் சூட்டில் அதற்குமேல் துளைக்க முடியவில்லை. பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் கீழே. ஆயிரத்தில் இரண்டு பங்கு தூரம் போனதற்கே உலக சாதனை!

என் அப்பா இரண்டு மைல் ஆழத்தில் வேலை பார்த்ததாகச் சொல்வார். கப்சாதானே?
(கோலார் தங்கவயல்காரரின் மகன், அத்திப்பள்ளி)

முதலில் அப்பா காலில் விழுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம். இரண்டு மைல் என்பது சரியான கணக்கு. அடியில் பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் ஆளை உயிரோடு வைத்திருந்தார்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் அந்த வெக்கையில்தான் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுத்தார்கள்.

இன்னொரு சமாசாரம். அண்டக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்ற துகள் பிறக்கிறது. 1965-இல் அதை உலகிலேயே முதன்முதலாகப் பிடித்த ஒன்றிரண்டு இடங்களில் தங்கவயலும் ஒன்று. வானத்தில் பிறந்ததைப் பாதாளத்தில் பிடித்த ஊர் அது. 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

கிச்சன் மேடைக்குக் கறுப்பு கிரானைட் வாங்கினேன். ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது?
(புது வீட்டுக்காரர், ஜிகணி)

ஒரிஜினல் கல். கிரானைட்தான் இல்லை. ஈரமான பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிஜ கிரானைட்டில் ரோஸ், கண்ணாடி வெள்ளை, கறுப்பு என்று பொடிப்பொடியாய்ப் பல நிறம் தனித்தனியே தெரியும். உங்களுடையது ஒரே கறுப்பு, நடுவே ஊசி ஊசியாய் மினுக்கம் என்றால் அது டோலரைட். பாறை வெடிப்பில் நெருப்புக் குழம்பு புகுந்து கெட்டியானது. பெங்களூரைச் சுற்றி அப்படிப் புகுந்த பாறைச் சுவர்களில் பலவற்றுக்கு வயது 237 கோடி. உங்கள் ஊர்ப் பட்டறையில் அதை அறுத்து, வெள்ளைச் சேறு வழிய வழிய பாலிஷ் போடுகிறார்கள். நாம் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். மேடை நன்றாக உழைக்கும். கவலை வேண்டாம்.

நம் காற்றில் என்னென்ன இருக்கிறது?
(மூக்கடைப்புக்காரர், ஹெப்பகோடி)

நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை.

அப்படியானால் ஆதியிலிருந்தே ஆக்சிஜன் இருந்ததா?
(அதே மூக்கடைப்புக்காரர்)

இல்லை ஐயா. உங்கள் காலடிப் பாறை உருவான காலத்தில் இங்கே நின்றிருந்தால் மூச்சுத் திணறிப் போயிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வெயிலைத் தின்று ஆக்சிஜனைக் கழிவாக விட்டன. சுமார் 240 கோடி வருடத்துக்கு முன்னால்தான் அது காற்றில் தங்க ஆரம்பித்தது. ஆனேக்கல் பாறை அதற்கு மூத்தது. கழிவை இழுத்து வாழ்கிற நாம் யாரையும் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது.

சென்னையில் விசிறி, இங்கே ஸ்வெட்டர். ஏன்? பருப்பும் வேக மாட்டேன் என்கிறது.
(புது மருமகள், ஆனேக்கல்)

ஊர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிரும். மேலே காற்றழுத்தமும் குறைவு, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் ஒரு விசில் கூட வைம்மா. மாமியாரிடம் சொல், குற்றம் வளிமண்டலத்துடையது.

நான் தினமும் சில்க்போர்டு சிக்னலில் நிற்கிறேன். முன்னேற வழி உண்டா?
(ஐ.டி. ஊழியர், எலக்ட்ரானிக் சிட்டி)

முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பெட்ரோல் செலவும் இல்லை.

விண்வெளி எவ்வளவு தூரம்?
(ஐந்தாம் வகுப்பு, பன்னேர்கட்டா)

நேர் மேலே 100 கிலோமீட்டர். மைசூரை விடப் பக்கம். டோல்கேட்டும் கிடையாது.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து மூன்று போர் போட்டேன். மூன்றும் புகை. நாலாவது போடலாமா?
(ஓய்ந்துபோனவர், முத்தநல்லூர்)

நம் பாறைக்குள் ஆறு ஓடவில்லை. தண்ணீர் இருப்பது மேலே மக்கிய அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். ஆயிரம் அடி இறக்கினாலும் அகப்படுவது பெரும்பாலும் கல்தூளும் கடனும். ஆனேக்கல் தாலுக்கா, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது. நாலாவது போருக்கு வைத்த பணத்தில் மாடி மழைநீரைக் குழாய் வைத்துப் பழைய போர் பக்கத்துக் குழியில் இறக்குங்கள். தேங்காயைச் சட்னிக்குக் கொடுத்துவிடுங்கள்.