அமரர் எழுத்துகளுக்கு ஓர் அர்ச்சனை

பிரெஞ்சு மொழியின் கூட்டுப்பெயர்களே, எழுத்துலகின் சக்கரவர்த்திகளே! உங்கள் எழுத்துக்கூட்டலின் திருவடிகளில் அடியேனின் கோடி நமஸ்காரம்.

வானவில்லுக்கு அம்மொழியார் சூட்டிய திருநாமத்தில் 'ஆர்க்', 'ஆன்', 'சியெல்' என மூன்று சொற்கள், நடுவே இரண்டு சிறுகோடுகள். கோடு பிரித்த இடத்தில்தான் நாக்கும் பிரிக்கும் என்று எண்ணுவது நம் போன்ற பாமரரின் அற்பப் புத்தி. ககரம் வேலி தாண்டி அடுத்த வீட்டில் குடிபுக, அசை 'ஆர்-கான்-சியெல்' என்றே பிரியும். அச்சுக்கோப்பவரோ வரி முடிவில் சொல்லை அந்தக் கோட்டில்தான் முறிப்பார். கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி. என்னே செங்கோன்மை!

பன்றியைத் தனியே அழைத்தால் 'பொர்'. கடைசியில் நிற்கும் 'சி' மௌன விரதம். அதுவே முள்ளம்பன்றி ஆனதும் விழித்தெழுந்து 'பொர்-கே-பிக்' என முழங்கும். (முள் குத்தியதோ என்னவோ!) தலைவனைக் குறிக்கும் 'ஷெஃப்' கதை நேர்மாறு. தனித்திருக்கையில் கணீரென்று ஒலிக்கும் 'எஃப்', தலைசிறந்த படைப்பு எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லில் 'ஷெ-தெவ்ர்' என்று உயிர்விட்டுவிடும். தலைசிறந்த படைப்புக்குள்ளேயே ஒரு பிணத்தைக் கிடத்திய கலைநயம் வேறெவருக்கு வரும்? எது எப்போது விழிக்கும் என்பதற்குப் பொதுவிதி வைத்து மாணவரின் மனப்பாடத் திறனை மழுங்கடிக்காத கருணைக்கும் ஈடில்லை.

இந்தப் பொக்கிஷத்தின் காவலர், 1635இல் ரிஷெலியூ நிறுவிய பிரெஞ்சு அகாதமியின் நாற்பது உறுப்பினர்கள். அவர்களுக்கு 'அமரர்' என்று பட்டம். தமிழில் அச்சொல்லுக்குள்ள இன்னொரு பொருளோ, ஓசை போன பின்னும் இடத்தைக் காலிசெய்யாத எழுத்துகளுக்கே வெட்டித் தைத்த சட்டை. பழைய எழுத்துமுறை கற்றோரைக் கல்லாதாரிடமிருந்தும் எளிய பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டும் என்று, 1673இல் அகாதமிக்காக மெஸெரே மறைக்காமல் எழுதிவைத்தார். உள்ளத்தில் உள்ளதை உரைத்த உத்தமர்! முதல் பெண் உறுப்பினராக மார்கரித் யூர்ஸ்னாரைத் தேர்ந்தெடுக்க 1980 வரை பொறுத்திருந்த நிதானமும் அந்த மரபுக்கு மணிமகுடம்.

1990இல் எழுத்துத் திருத்தம் வந்தது. விரும்பினால் ஏற்கலாம் என்ற பெருந்தன்மையோடு வந்தது. மேற்சொன்ன மூன்று மாணிக்கங்கள் மீதும் அதன் உளி படவில்லை.

இன்றும் ஒரு முள்ளம்பன்றி இரண்டானால் எழுத்தில் இரண்டு 'எஸ்' கூடும். ஓசையில் ஒன்றும் கூடாது.