ரசிகர் கருத்தும் இராயபுரத்துக் கடலரிப்பும்

சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் நீட்டப்பட்டதிலிருந்து, ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கேயிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணல் அச்சுவர்களுக்குத் தெற்கே தங்கி மெரினாவை அகலமாக்கிற்று. வரவேண்டிய மணல் வராமற்போன வடபுறத்தில், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடல் ஊருக்குள் ஏறிற்று. அதனைத் தடுப்பதற்காகக் கரையிலிருந்து கடலுக்குள் குறுக்காக அடுக்கப்படும் பாறை வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். தூண்டில் வளைவு ஒரு பக்கத்தில் மணலைச் சேர்க்கும்போதே மறுபக்கத்தில் அரிப்பைத் தொடங்கிவைப்பதால், அதற்கு வடக்கே இன்னொன்று வேண்டியிருக்கிறது. அதற்கும் வடக்கே மற்றொன்று. இது பொறியாளர்களுக்கு உரிய அறிவாகக் கருதப்பட்டாலும், நடிகை ஒருவர் அரசியல் பேசத் தொடங்கியவுடன் அவருடைய ரசிகர்களின் அன்பு எந்தப் பக்கம் சேர்கிறது, எந்தப் பக்கம் அரிக்கிறது என்பதை விளக்க இதனினும் பொருத்தமான கோட்பாடு இதுவரை கிடைக்கவில்லை.

கோட்பாட்டைச் சோதிப்பதற்குக் குஷ்புவைவிடச் சிறந்த சான்று தமிழ்நாட்டில் இல்லை. 1970இல் மும்பையில் பிறந்து, 1980இல் வெளிவந்த ‘தி பர்னிங் டிரெயின்’ என்னும் இந்திப் படத்தில் குழந்தையாகத் தோன்றி, 1988இல் ‘தர்மத்தின் தலைவன்’ வழியாகத் தமிழுக்கு வந்து, 1991இல் ‘சின்னத்தம்பி’யால் வீடுதோறும் அறிந்த பெயராகிவிட்ட இவருக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள் என்ற செய்தி நாடறிந்தது. அதைவிட நீடித்த நினைவுச்சின்னம் ஒன்றும் அக்காலத்திலேயே எழுந்தது. உளுந்தோடும் அரிசியோடும் ஜவ்வரிசி போன்றவற்றைச் சேர்த்தரைத்து, வழக்கத்தினும் பெரிதாகவும் மெத்தென்றும் வார்க்கப்படும் இட்டிலிக்குக் குஷ்பு இட்லி என்று பெயர் சூட்டப்பட்டது. தமிழ் நடிகையர் பலருக்குப் பட்டங்கள் உண்டு. காலை ஆறு மணிக்கு ஆவி பறக்கும் பட்டம் இவர் ஒருவருக்கே வாய்த்தது.

ரசிகர் என்னும் சொல் இங்கே வரையறுக்கப்பட வேண்டும். சுவையை அறிந்து துய்ப்பவர் என்பது அகராதிப் பொருள். வடசென்னை வழக்கில் அச்சொல் சுவரொட்டிக்குக் காசு கொடுத்தவர், ஒட்டியவர், ஒட்டியதைப் பார்த்தவர், மேலே வேறொருவர் சுவரொட்டியை ஒட்டியபோது சண்டைக்குப் போனவர் ஆகிய நால்வரையும் குறிக்கும். இந்நால்வரும் ஆண்களாக இருந்தது திரையரங்குக் காலத்தில். தொலைக்காட்சி வந்தபின் நிலைமை மாறியது. ஜெயா தொலைக்காட்சியில் குஷ்பு நடத்திய ‘ஜாக்பாட்’ நிகழ்ச்சியைப் பெண்கள் கண்டது பரிசை யார் வென்றார் என்று அறிவதற்காக அன்று. அவ்வாரம் அவர் அணிந்திருந்த ரவிக்கையின் கை எவ்வளவு நீளம், கழுத்து என்ன வடிவம், முதுகுப்புறத்தில் நாடா உண்டா என்பதை மறுநாள் தையற்காரரிடம் பிழையின்றி ஒப்பிப்பதற்காகவே ஆகும். திருவொற்றியூர் டயர் ஆலையிலிருந்தும் எண்ணூர் லாரித் தொழிற்சாலையிலிருந்தும் இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு திரும்பும் கணவர்கள், தங்கள் கனவுக்கன்னி இப்போது மனைவியின் தையற்கூலிக் கணக்கில் ஒரு செலவினமாகிவிட்டதைக் கண்டு திகைத்தனர். பின்னாளில் நிகழ்ந்த எல்லாக் கருத்து மாற்றங்களுக்கும் நடுவில் ஒருமுறையும் அசையாது நின்ற கொள்கைக் கூட்டம் ஒன்று உண்டென்றால், அது இந்த ரவிக்கைப் பிரிவினரே.

முதல் பெரிய அரிப்பு 2005 செப்டம்பரில் தொடங்கியது. இந்தியா டுடே இதழின் கருத்துக்கணிப்பு ஒன்றையொட்டித் திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்துக் குஷ்பு சொன்ன சில வரிகளுக்காகத் துடைப்பமும் செருப்பும் வீதிக்கு வந்தன. பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகளும் போராட்டங்களில் முன்னின்றனர். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பல ஊர்களில் தொடுக்கப்பட்டன. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது முட்டையும் தக்காளியும் வீசப்பட்டன. தமிழ்ப் பண்பாடு என்பது அதுவரை மேடைகளில் மட்டும் வாழ்ந்துவந்த ஒரு கருத்துருவம். அது அவ்வாண்டுதான் காய்கறிக் கடைக்கும் பயன்பட்டது. கோயில் கட்டிய மாநிலமே துடைப்பம் தூக்கியதை வெளியூர் இதழாளர்கள் முரண்பாடாகக் கண்டனர். கோயிலைப் பெருக்குவதற்கும் துடைப்பந்தான் வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

2010 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் அவ்வழக்குகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. மே 14 அன்று அவர் திமுகவில் சேர்ந்தார். இடையில் இருந்தவை பதினாறு நாட்கள். ரசிகர் ஒருவர் தம் மனத்தைத் திருத்திக்கொள்ள அது போதாது என்பதால், இராயபுரத்துத் தேநீர்க் கடைகளில் ஒரே ஆள் ஒரே கோப்பைத் தேநீர் தீர்வதற்குள் இரு நிலைப்பாடுகளை எடுக்க வேண்டியதாயிற்று. 2005இல் ‘பண்பாடு கெட்டது’ என்றவர் கழகத்தவராயின், ‘பெரியார் சொன்னதைத்தானே அவரும் சொன்னார்’ என்று நினைவுகூர்ந்தார். 2005இல் ‘தைரியமான பொண்ணுபா’ என்று வியந்தவர் மாற்றுக் கட்சியினராயின், ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று தலையை ஆட்டினார். மணல் தொலையவில்லை; சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று, அவ்வளவே.

அதன்பின் தூண்டில் வளைவுகள் விரைந்து கட்டப்பட்டன. கட்சியின் அடுத்த தலைவரைக் கட்சியினரே முடிவு செய்வர் என்ற பொருளில் 2013 தொடக்கத்தில் அளித்த ஒரு பேட்டிக்காகச் சென்னையில் அவர் வீட்டின்மீது கல்லும், திருச்சியில் அவர்மீது செருப்பும் எறியப்பட்டன. திருச்சி என்பதை வாசகர் கவனிக்க வேண்டும், கோயிலும் அங்கேதான். 2014 ஜூனில் திமுகவிலிருந்து விலகி, நவம்பரில் காங்கிரசில் சேர்ந்து, அக்கட்சியின் தேசியச் செய்தித் தொடர்பாளராகி, 2020 அக்டோபர் 12 அன்று பாரதிய ஜனதாவில் சேர்ந்து, 2021இல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் நின்று திமுகவின் எழிலனிடம் தோற்று, 2023இல் தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராகி, அடுத்த ஆண்டு அதிலிருந்தும் விலகினார். இப்பட்டியலை ஒப்பிப்பது ரசிகர்களுக்குப் பெருமகிழ்ச்சி தரும் செயல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி உண்டு, ஒளிப்படம் உண்டு, கழுத்தில் விழுந்த துண்டின் நிறம் உண்டு. ரசிகர்கள் மாறியதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை. ஆகவே அவர்கள் மாறவில்லை என்று அவர்களே சான்றளித்துக்கொள்கின்றனர்.

கட்சி மாறுவதை வடசென்னையில் ‘அந்தர் பல்டி’ என்பர். காசிமேட்டுத் துறைமுகப் பாறைகளிலிருந்து சிறுவர்கள் கடலில் குதிக்கும்போது, கால் பாறையை விட்டபின்னும் தலை தண்ணீரைத் தொடுமுன்னும் உள்ள வெளியில் உடலை ஒரு முழுச்சுற்றுச் சுழற்றுவதே இது. இச்சொல்லைக் கட்சி மாறியவருக்கு வழங்குவது இலக்கணப் பிழை என்பதே இதை எழுதுபவரின் துணிபு. பல்டி அடிப்பவர் முழுச்சுற்றுச் சுழன்று முன்பு பார்த்த திசையையே பார்ப்பார். குஷ்பு விட்டுவந்த கட்சி எதற்கும் இதுவரை திரும்பவில்லை. திரும்புகிறவர்கள் ரசிகர்கள். திமுகவிலிருந்து விலகியபோது அவரைத் திட்டிய திருவொற்றியூர்க் கழகத்தவர், 2018 இறுதியில் சன் தொலைக்காட்சியில் ‘லட்சுமி ஸ்டோர்ஸ்’ தொடரில் அவர் வந்ததும், காங்கிரசும் திமுகவும் ஒரே அணியில் இருந்ததைக் காரணமாகக் காட்டி மீண்டும் ‘நம்ம குஷ்பு’ என்றனர். 2020இல் மீண்டும் தலைகீழாயினர். முழுச்சுற்று என்பது இதுதான்.

திருவொற்றியூரில் இப்படிப்பட்ட உறுதிமொழிகளுக்கு நெடிய மரபு உண்டு. முன்னரே திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே சங்கிலியாரை மணக்க விரும்பி, பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்ததால், அந்நேரம் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் போய் இருக்குமாறு இறைவனையே கேட்டுக்கொண்டார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. இறைவனோ சங்கிலியாரிடம் முன்கூட்டியே துப்புக் கொடுத்துவிட, அவர் தரப்பினர் மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேட்டனர். வேறு வழியின்றிச் செய்துகொடுத்த சுந்தரர், இளவேனில் வந்ததும் ஆரூர் நினைவு எழ, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் இரு கண்ணும் போயின. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும் அதே ஊரில், ‘உயிர் உள்ளவரை தலைவிக்கே’ என்று எழுதிய ரசிகர் மன்றத்தார் தங்கள் கண்களைக் குறித்துச் சற்று அஞ்சியிருக்க வேண்டும். சுந்தரருக்கு ஒரு கண் காஞ்சியிலும் மறுகண் ஆரூரிலும் திரும்பக் கிடைத்தது. ரசிகருக்குக் கூட்டணி அறிவிக்கப்படும் நாளில் ஒரு கண்ணும், வாக்கு எண்ணும் நாளில் மற்றொன்றும் கிடைப்பது வழக்கம்.

கூட்டணி என்பது பழைய துடைப்பத்தைப் புதிய விளக்குமாறாகக் கருதச் செய்யும் ஏற்பாடு. 2021இல் அதிமுக அணியில் பாரதிய ஜனதாவும் பாட்டாளி மக்கள் கட்சியும் சேர்ந்தே இருந்தன; பதினாறு ஆண்டுகளுக்கு முன் குஷ்புவுக்கு எதிராகத் தெருவில் நின்ற கட்சி, அவருக்கு வாக்குக் கேட்க வேண்டிய அணியில் நின்றது. அதே 2005இல், நடிகையரைப் பற்றிப் பேசியதற்காக நடிகர் சங்கத்தில் இயக்குநர் தங்கர் பச்சானை மன்னிப்புக் கேட்கவைத்த விவகாரத்திலும் குஷ்பு முன்னின்றார். 2024இல் தங்கர் பச்சான் கடலூரில் பாமக வேட்பாளர், குஷ்பு இருந்த பாஜக அவருடைய கூட்டணிக் கட்சி. தொலைக்காட்சித் தொடர்களில் முதல் வாரம் வில்லியாக வந்தவள் நூறாவது வாரம் சம்பந்தியாவதைக் கண்டு பழகிய பெண்கள் இதற்கெல்லாம் வியக்கவில்லை. கட்சிக்காரர்கள்தாம், கதைச்சுருக்கம் தெரியாமல் நடுவில் பார்க்கத் தொடங்கியவர்களைப் போல, விழித்தனர்.

இந்நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தித் தொடரில் துளசி என்னும் மருமகளாக நாடெங்கும் மாமியார்களின் நன்மதிப்பைப் பெற்ற ஸ்மிருதி இரானி, 2019இல் அமேதியில் ராகுல் காந்தியை வென்று, 2024இல் அங்கேயே தோற்று, 2025இல் அதே துளசியாகத் திரும்பினார். வாக்காளர் அனுப்பிவைத்தவரைப் பார்வையாளர் வரவேற்றனர். இருவரும் ஒரே ஆட்களாக இருந்திருக்கவும் கூடும்.

வடசென்னை அரசியல் பேச்சுக்குப் புதிய இடமன்று. திமுகவின் முதற் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் நடந்தது இராயபுரம் ராபின்சன் பூங்காவிலேதான். நனைந்துகொண்டு கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உலர்ந்த கூடத்தில் அமர்ந்து விவாத நிகழ்ச்சி பார்க்கின்றனர். அங்கே ‘அரசியல் விமர்சகர்’ என்றொரு பதவி உண்டு. எந்தக் கட்சிக்காகப் பேசுகிறார் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரிந்திருந்தும், திரையின் அடிப்பகுதியில் மட்டும் எழுதப்படாதவர் என்பது அதன் பொருள். கட்சிப் பெயரைத் தாங்கியே வருபவர் செய்தித் தொடர்பாளர். குஷ்பு பெரும்பாலும் கட்சிப் பெயரைத் தாங்கியே வந்தார் என்பது அவருக்குச் சாதகமான ஒரு குறிப்பு. எனினும் ரசிகருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது: திரையில் அவர் பேசியது பெரும்பாலும் பிறர் குரலாக இருந்தது, தொலைக்காட்சியில் கேட்டது அவருடைய சொந்தக் குரல். தம் கனவுக்கன்னி தம்மையே எதிர்த்து வாதாடுவார் என்று எந்தச் சுவரொட்டியும் எச்சரித்திருக்கவில்லை.

2023இல் இரு நிகழ்ச்சிகள் இப்பகுதியை நேரடியாகத் தொட்டன. ஜூன் மாதம் வடசென்னைக் கூட்டமொன்றில் திமுக பேச்சாளர் ஒருவர் குஷ்புவைத் தரக்குறைவாகப் பேசினார்; கட்சி அவரை நீக்கியது, கொடுங்கையூர்க் காவல்துறை கைது செய்தது; குஷ்பு செய்தியாளர் முன் கண்கலங்கினார். கொள்கையளவில் அவரை எதிர்த்தவர் வீடுகளிலும் அன்று ஒலியைக் குறைக்கச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் ரவிக்கைப் பிரிவினர். நவம்பரில் காற்று எதிர்த்திசையில் வீசியது. சமூக ஊடகத்தில் தம்மைச் சாடிய ஒருவருக்குப் பதிலளிக்கையில், அவருடைய ‘சேரி மொழி’யில் தம்மால் பேச இயலாது என்று குஷ்பு எழுதினார்; எதிர்ப்பு எழுந்ததும், பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அன்புக்குரியது என்று பொருள் என்று விளக்கினார். சேரி என்பது சங்க இலக்கியத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த நற்சொல். அது வசையானது பிற்காலச் சாதி மனம் செய்த வேலை. தம் பேச்சுக்கே அப்பெயர் சூட்டப்பட்டுக் கேட்டுக் கேட்டுச் சலித்த வடசென்னையார்க்கு அது வலித்ததில் நகைக்க ஏதுமில்லை. நகைப்புக்குரியது பிரெஞ்சுதான். புதுச்சேரிக்குப் போய்வரும் பழக்கம் இப்பகுதி ஆடவர் பலருக்கு நெடுங்காலமாக உண்டெனினும், அங்கிருந்து மொழியறிவோடு திரும்பியவர் எவருமில்லை. அவ்வாரம் மட்டும் தண்டையார்ப்பேட்டை முடிதிருத்தகங்களில் உயிரெழுத்து மேற்குறிகளைப் பற்றி விவாதம் நடந்தது.

நான்காவது காலம் ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று காலங்களையே தொல்காப்பியர் வகுத்தார். ‘அப்பவே சொன்னேன்’ என்பது இம்மூன்றிலும் அடங்காது; நடந்து முடிந்த பின்னர், நடப்பதற்கு முந்தைய ஒரு நாளில், எவரும் கேட்டிராதபோது சொல்லப்பட்டதாக இப்போது அறிவிக்கப்படுவது அது. ரசிகர் உளவியலின் பெரும்பகுதி இக்காலத்திலேயே இயங்குகிறது. 2025 ஜூலையில் குஷ்பு பாஜக மாநிலத் துணைத் தலைவராக அறிவிக்கப்பட்ட செய்தி வந்தபோதும், தேநீர்க் கடைப் பலகையின் இரு முனைகளிலிருந்தும் அதே சொற்றொடர் ஒரே நேரத்தில் எழுந்தது. ஒருவர் அப்பவே சொன்னது அவர் உயர்வார் என்று, மற்றவர் அப்பவே சொன்னது இதற்குமேல் உயரார் என்று. இருவரும் எதிரிலிருந்த தள்ளுவண்டியிலிருந்து தலைக்கு இரண்டு குஷ்பு இட்லி வரவழைத்துத் தின்றனர். காசு யார் தருவது என்ற கேள்வி எழுந்தபோது மட்டும், அப்பவே சொன்னவர் எவரும் இல்லை.