ஐ7 கேட்ட பல்கலைக்கழகத்தின் விடுதிக்கு ஒரு தாய்மாமனின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய விடுதி மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: புதிய மாணவி கொண்டுவர வேண்டிய மடிக்கணினி

என் தங்கை மகளுக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அதோடு வந்த இரண்டு சுற்றறிக்கைகளையும் சுங்கை லாலாங் ஒட்டுக்கடையில் வைத்து எல்லாரும் படித்துவிட்டோம். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவைதானா என்று முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றுதான்.

பாடப்பிரிவு அனுப்பியதில், ஐ7 செயலி, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டிருக்கிறார்கள். பெருமையாக இருந்தது. பற்று வரவு எழுத இவ்வளவு வேண்டுமென்று எங்களுக்கு இதுவரை தெரியாது. எங்கள் தோட்டத்துக் கிராணி ஒரு பேரேட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பேருக்குச் சம்பளம் போட்டார். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மனுஷர் என்ன பாடுபட்டாரோ! பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் என்றே ஒரு தோட்டம் உண்டு, அங்கே தமிழ்ப்பள்ளியும் உண்டு. ஆகவே ஹார்வர்டில் படித்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களிடமும் யாரும் ஐ7 கேட்டதில்லை.

இரண்டாவது அறிக்கை உங்களுடையது. ஓர் அறைக்கு நான்கு பேர், இரண்டு பிளக். எக்ஸ்டென்ஷன் வயருக்கு அனுமதியில்லை. ஐயா, தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லெப்டோப்புக்கு 200 வாட் அளவில் சார்ஜர் வேண்டும். எடை இரண்டரைக் கிலோ வரும், சார்ஜர் கனம் தனி. வேலை கொஞ்சம் கூடினால் பேட்டரி ஒரு விரிவுரைக்குக்கூடத் தாங்காது. நான்கு பிள்ளைகளும் பாடப்பிரிவின் சொல்லைத் தட்டாமல் நான்கு கேமிங் லெப்டோப் கொண்டுவந்தால் இரண்டு பிளக்கில் எப்படிச் சொருகுவார்கள்? இரவு 2 மணிக்கு எழுந்து முறை வைத்து சார்ஜ் போடு என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். விடியுமுன்னே தோட்டத்துப் பெரட்டுக்குப் போன பாட்டியின் பேத்தி, எழுந்துவிடுவாள்.

விலைக்கு வருகிறேன். அவள் அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பாடப்பிரிவு கேட்கும் கணினிக்கு இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் போதாது. கணினி வாங்கினால் வரி விதிக்கும் வருமானத்தில் 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல திட்டம்தான்.

சரி, பழையது வாங்கலாமென்று சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். கடைக்காரத் தம்பி ஒரு விஷயத்தைப் புரியவைத்தார். ஐ7 என்ற பெயர் 2008லிருந்தே இருக்கிறதாம். எந்தத் தலைமுறை என்று பாடப்பிரிவின் அறிக்கை சொல்லவில்லை. 2012ல் வந்த ஒரு ஐ7 அங்கே மலிவாகக் கிடைக்கிறது, அவர்கள் நிபந்தனைக்கும் பொருந்துகிறது. ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. பக்கத்திலேயே புது ஐ5 ஒன்று இருந்தது. அந்தப் பழசைவிடப் பல மடங்கு வேகம். பாடப்பிரிவின் அறிக்கைப்படி அது தகுதி இல்லாதது.

அரசாங்கத்தைக் கேட்கலாமென்றால், 2022ல் பி40 என்ற குறைந்த வருமானப் பிரிவு மாணவர்களுக்கென்று 450 மில்லியன் வெள்ளி ஒதுக்கி, பெராந்திசிஸ்வா என்ற பெயரில் டேப்லெட் கொடுத்தார்கள். பாடக் குறிப்பு படிக்க நல்ல சாமான். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அதில் ஓடாது. அரசாங்கம் கையில் சிலேட்டைக் கொடுத்தது, பாடப்பிரிவு ராக்கெட் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண லெப்டோப் இருப்பதை யாராவது பார்த்தால் தேவலை.

அந்தத் தம்பி காட்டியது அதைத்தான். 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி ரேம் (இதில் மட்டும் பாடப்பிரிவோடு ஒத்துப்போகிறோம்), 512 ஜிபி எஸ்.எஸ்.டி. யூ.எஸ்.பி-சி வழியாக 65 வாட் சார்ஜர். அதே சார்ஜரில் கைப்பேசிக்கும் ஏற்றலாம், ஒரு பிளக் மிச்சம். நூலகத்தில் மேசையோடு கட்டிவைக்கப் பூட்டுத் துளையும் இருக்கிறது. கணக்கியலுக்கு இது தாராளம் என்கிறார்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மூன்று ஆண்டுகளில் பிள்ளை எந்தெந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறாள் என்று பாடப்பிரிவிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி அனுப்புங்கள். கணினியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பதிவு நாளுக்கு முன் அந்தத் தாள் வந்தால் நல்லது. தம்பி எங்களுக்காக ஒன்றை எடுத்துவைத்திருக்கிறார், முன்பணம் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
தாய்மாமன், சுங்கை லாலாங்

பி.கு.: விடுதியில் ரைஸ் குக்கருக்குத் தடை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாடப்பிரிவு கேட்ட அந்த கேமிங் லெப்டோப்பைக் கடையில் கால் மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒருவேளை அதையே வாங்கும்படி ஆனால், மடிக்கணினி என்று அனுமதி ஸ்டிக்கர் ஒட்டுவீர்களா, இல்லை வாசலிலேயே பறிமுதல் செய்வீர்களா?