பேஸ் கேட்காத ஊரில் பேஸ் வாசித்தோம்

எண்பதுகளில் பென்னாகரத்தில் வளர்ந்த நாங்கள் இளையராஜாவின் பாடல்களில் முக்கால் பங்கைத்தான் கேட்டிருக்கிறோம். மீதிக் கால் பங்கு எங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் பண்டிகையோ, புளியமரக் கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் பாட்டு. நாலு தெரு தாண்டியும் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் செய்த கருவி அது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி அதில் அநேகமாக வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஸ்வரமோ ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். பாடகர் வந்தார், வயலின் வந்தது, தபேலாவின் வலந்தலைகூட வந்தது. பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தவர் மட்டும் வரவில்லை.

அவரை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது தருமபுரி பஸ். அந்தக் காலத்துத் தனியார் பஸ்களில் டிரைவர் தலைக்கு மேலே டேப், பின்சீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டியில் அடைத்த ஸ்பீக்கர். பின்சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பாட்டின் அடியில் வேறொரு பாட்டு ஓடுவது தெரியும். பாடகர் ஒரு பக்கம் போனால் இது இன்னொரு பக்கம் நடந்து போய், சரணம் முடியும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். நூறு முறை கேட்ட பாட்டு திடீரென்று புதுசாகிவிடும். பின்சீட்டில் குலுக்கல் அதிகம், தூசி அதிகம். இருந்தாலும் அந்த இடத்துக்காக நாங்கள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்ததுண்டு.

இதெல்லாம் யாரோ போகிற போக்கில் தட்டியது அல்ல என்பது பின்னால் தெரிந்தது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் இளையராஜா. வயலினுக்கு எழுதுவது போலவே பேஸுக்கும் தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர். அதைப் பல ஆண்டுகள் அவருக்கு வாசித்தவர் சசிதரன். கேசட் உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர் பெயர் இருக்கும். சசிதரன் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாட்டுக்கு பேஸ் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்த கைகளின் பெயர் எங்களுக்கு அவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்பதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு பேஸ் கிட்டார் வந்தது. கல்கத்தாவில் செய்தது, எங்களுக்கு முன்பே யார் யார் கைகளிலோ இருந்தது. எங்கள் பக்கத்தில் வேலை தேடி எல்லோரும் போவது பெங்களூருக்குத்தான். அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த ஒரு அண்ணன் அதைப் பேரம் பேசி வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸின் மேல்கூரையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஊரில் இறக்கியதும் கூடிய கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான், "ஏண்ணா, நாலு கம்பிதான் இருக்குது, மீதி ரெண்டு அறுந்துபோச்சா?"

நாலு கம்பியையும் காப்பாற்றுவதே எங்களுக்குப் பெரும்பாடு. புது செட் வேண்டுமென்றால் பெங்களூர் போக வேண்டும், இல்லாவிட்டால் சென்னை அண்ணாசாலையில் மியூசி மியூசிக்கல். 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. எங்களுக்கு அது ஏறக்குறைய கோயில். ஆனால் கோயிலுக்கு மாதாமாதம் போக முடியுமா? பேஸ் கம்பி என்பது ஓர் இரும்புக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கிச் சுற்றியது. வியர்வையும் அழுக்கும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் இறங்கி இறங்கி, கொஞ்ச நாளில் நாதம் மந்தமாகிவிடும். அதனால் கழற்றி, வளையமாகச் சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். பத்து நிமிஷத்தில் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், மேலே எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும். எடுத்து, பழைய வேட்டித் துணியில் அழுத்தித் துடைத்து, ஈரம் போக வெயிலில் காயவைத்து மறுபடி கட்டினால் பழைய கணீர் திரும்பும். சில கச்சேரிகளுக்குத் தாங்கும், அப்புறம் மறுபடி அடுப்பு. களி கிண்டும் பானையில் இரும்புக் கம்பியைப் போடுகிறான் என்று எந்த அம்மாதான் திட்டமாட்டார்? திட்டிக்கொண்டே விறகைத் தள்ளிவிட்டவரும் அதே அம்மாதான்.

பேஸுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. மைக்செட்காரரின் அஹூஜா ஆம்ப்ளிஃபயரில், மைக் சொருகும் இடத்தில் பேஸையும் சொருக வேண்டியதுதான். பல ஊர்களில் கரண்டுக்கு எர்த் இருக்காது. கம்பியிலிருந்து கை எடுத்தால் 'ர்ர்ர்' என்று இரைச்சல், கை வைத்தால் அடங்கும். நம் உடம்பே எர்த் ஆகிவிடுவதுதான் காரணம். மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுக்கும் என்று பாடகர்கள் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பாடுவார்கள். கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் ஒரு கம்பியை அடித்து, உப்பும் தண்ணீரும் ஊற்றி எர்த் போடுவதும் பேஸ்காரனின் வேலைதான்.

இவ்வளவும் செய்து வாசித்தால், கூட்டத்துக்குக் கேட்டதா? கேட்கவில்லை. வெளியே போவது அதே குழாய் ஸ்பீக்கர்தானே. மேடைமேல் இருந்த ஒரு சின்னப் பெட்டியில் எங்களுக்கு மட்டும் கேட்டது. ஆனால் நாலு அடி வாசிக்காமல் விட்டால் டிரம்ஸ்காரர் நிமிர்வார், பாடகர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறைந்தது என்று தெரியாது, ஏதோ குறைந்தது என்று மட்டும் தெரியும். அதுவே எங்களுக்குப் போதுமான சம்பளமாக இருந்தது. பேஸ் வாசிப்பவனின் மனசு அப்படிப்பட்டது. தன்னைக் கேட்க வேண்டும் என்று அவன் நினைப்பதைவிட, பாட்டு நிற்க வேண்டும் என்று நினைப்பது அதிகம்.

கையில் இல்லாத கருவிகளைப் பற்றித்தான் நாங்கள் விடிய விடியப் பேசினோம். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1960இல் வந்த ஜாஸ் பேஸ், இரண்டையும் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் எதில் எங்கே இருக்கும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டத் தெரியும். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமலும், மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது அமுங்கிப் போவதாலும் பிறந்தது பிரிசிஷன். தோளில் மாட்டலாம். கழுத்தில் ஃபிரெட் என்ற குறுக்குப் பட்டைகள் பதித்திருப்பதால் ஸ்வரம் பிசகாது. 34 அங்குலம் என்று அப்போது வைத்த கம்பி நீளம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ்களில் இருக்கிறது.

பிறகு ஜேம்ஸ் ஜேமர்சன் பற்றிக் கேள்விப்பட்டோம். டெட்ராய்டில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகள் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர். 1962ஆம் வருஷத்துப் பிரிசிஷன் ஒன்று அவருக்குப் பல வருஷம் துணை. கம்பி அறுந்தாலொழிய மாற்றவே மாட்டாராம். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பாராம். பானையில் கம்பியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி மாளாது.

இப்போது எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் நான் அவன் அறையில்தான் இருப்பேன். சுவரில் வரிசையாக பேஸ்கள். நாலு கம்பி ஒன்று, ஃபிரெட் இல்லாதது ஒன்று, 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஐந்து கம்பி ஒன்று. பழைய மாதிரி பிக்கப் மட்டும் உள்ளது பேசிவ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்டால் ஆக்டிவ். எது உசத்தி என்று அவனும் நண்பர்களும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். 1969இல் ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் வந்தபோது 300 வாட்டுக்கு 14 வால்வு. தூக்க இரண்டு பேர் வேண்டும். இவனுடைய ஆம்ப் அதைவிட அதிக வாட், ஒரு கையால் எடுத்துப் பைக்குள் வைக்கிறான். வாசிக்கப் பழக வேண்டுமென்றால் பதினைந்து இருபதாயிரத்துக்கே நல்ல பேஸ் கிடைக்கிறது. எங்கள் காலத்து ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் விற்றாலும் வாங்க முடியாத தரம்.

அவன் ஒரு பேஸைப் பராமரிப்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மரம் காய்ந்து கழுத்து லேசாக வளையும். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி உண்டு, டிரஸ் ராட் என்பார்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பான். ஆலன் கீயை நுழைத்துக் கால் சுற்று திருப்புவான். மறுபடி ட்யூன் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி பார்ப்பான். அவசரமே இருக்காது.

"வாசிக்கிறதைவிட வாங்குறதுதான் அதிகம்" என்று அவன் அப்பா சொல்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி காய்ச்சுகிறவரை நம் ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. பம்பைக்காரர் வார்ப்பட்டையை இழுத்து இழுத்துச் சரி செய்யும்வரை சாமி ஊர்வலமே காத்திருக்கும். நாதம் சரியாக வர வேண்டும் என்கிற அதே பிடிவாதம்தான் இந்தப் பையனிடமும் இருக்கிறது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972இல் திருடு போனது. அதற்குப் பிறகு அவரால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கியிருக்க முடியும். ஆனாலும் அதைத் தேடிக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள், 2024இல் அது அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு மரத்துண்டின் மேல் மனுஷனுக்கு இருக்கும் பிரியம் அது.

ஆனால் இந்தப் பையன் வாசிப்பதெல்லாம் ஹெட்ஃபோனில். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்ததை அப்படியே வாசிக்கிறான், மோகினி டே வாசிப்பதில் பாதியையாவது எட்டிப் பிடிக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கேட்பது கம்பி மரத்தில் தட்டும் 'டிக் டிக்' சத்தம் மட்டும். அவன் ஒரு பக்கத்து ஹெட்ஃபோனை என் காதில் வைத்தால்தான் உண்டு.

அதே தெருவில் கோயில் பண்டிகைக்கு இப்போது வரும் செட்டைப் பாருங்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் 18 அங்குல சப்வூஃபர். அடித்தால் வீட்டு ஜன்னல் அதிரும், நெஞ்சுக்குள் இறங்கும். எங்கள் காலத்தில் வெளியே போகவே முடியாத அந்த 41 ஹெர்ட்ஸ் இப்போது பஸ் ஸ்டாண்ட் வரை போகிறது. அதைக் கேட்டு நான் மேடையைப் பார்க்க ஓடினேன். மேடையில் பாடகர்கள், கீபோர்டு, ரிதம் பேட். பேஸ் இல்லை. அது முன்பே பதிவு செய்த ட்ராக்கில் இருந்து வருகிறது, அல்லது கீபோர்டுக்காரரின் இடது கை. சம்பளம் ஒரு ஆளுக்கு மிச்சம், வேனில் ஒரு சீட் மிச்சம். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனாலும் ட்ராக்கில் வரும் பேஸ் பாடகரைக் கேட்காது. பாடகர் ஓர் இடத்தில் மூச்சு வாங்கி நிறுத்தினால் அது நிற்காது, கூட்டம் கைதட்டி இன்னொரு தடவை கேட்டால் திரும்பி வராது. தாளம் கொஞ்சம் துள்ளினால் கூடத் துள்ளாது. இதற்கெல்லாம் ஆள் வேண்டும். ஆள் இருக்கிறார். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் கனவில் பார்த்த கருவியோடு இருக்கிறார். அவரைச் சுமக்கக்கூடிய பெட்டிகளும் வாசலிலேயே வந்து நிற்கின்றன. எங்களுக்கு வாசிக்க மேடை இருந்தது, கேட்க வைக்கப் பெட்டி இல்லை. இவனுக்கு எல்லாம் இருக்கிறது, கூப்பிடத்தான் யாருமில்லை.

அதனால் நானே கூப்பிடுவதென்று முடிவு செய்தேன். தம்பியிடம் கேட்டபோது தயங்கினான். "மேடையில இதுவரைக்கும் வாசிச்சதில்லண்ணா, தப்பு வந்தா?" என்றான். "மத்தவங்க முகத்தைப் பாத்து வாசிடா, அவங்க இழுத்துட்டுப் போவாங்க" என்றேன். விழாக் கமிட்டிக்காரர்களிடமும் பேசியாயிற்று. வரும் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஐந்தாறு பாட்டையாவது ட்ராக் இல்லாமல் வாசிக்கக் கேட்பதாகவும், பேஸுக்கு உள்ளூர் ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒத்திகைக்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஒரு நாள் முன்னதாக வர வேண்டியிருக்கும். அந்த நாளின் சாப்பாட்டையும் சம்பளத்தையும் பழைய ஆட்கள் நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.